விலகலும் துறவும்

குருச்சேத்திரத்தில் காண்டீபம் கைநழுவ நின்ற அருச்சுனன், ஆசான்மாரைக் கொன்று வாழ்வதினும் இரந்துண்டு வாழ்தலே மேல் என்றான். அது துறவெனத் தோன்றும். ஆயின் பற்றற்ற உள்ளத்தில் பிறந்த சொல்லன்று. சுற்றத்தார்மீது கொண்ட பற்றிலும் துயரிலும் பிறந்தது.

கீதையின் 18ஆம் அத்தியாயம் துறவை மூவகையாகப் பகுக்கின்றது. மயக்கத்தால் கடமையைக் கைவிடுதல் தாமசம். உடல் வருந்துமென அஞ்சிக் கைவிடுதல் இராசசம். கடமையைச் செய்துகொண்டே பற்றையும் பயனையும் விடுதல் சாத்துவிகம்.

போர் முடிந்தபின், சாந்தி பருவத்தில், வெற்றி கசந்து தருமன் காடேக எண்ணுகின்றான். அரசகடமையை எடுத்துரைத்து அவனைத் தடுப்போருள், அன்று வில்லை நழுவவிட்ட அருச்சுனனும் ஒருவன்!

துறவு வேட்கை எழுங்கால் மாணவர் தம்மையே கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: நெஞ்சம் விடத் துடிப்பது ஆசையையா, சுமையையா?