கோடியக்கரைக்கு வந்து போகிறவர்கள்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர் போனால் தரை முடிந்துவிடும். வங்கக் கடலை ஒட்டி வடக்கு தெற்காக ஓடிவரும் சோழநாட்டுக் கரை இந்த இடத்தில் மேற்கே மடங்குகிறது. கிழக்கே பார்த்தால் வங்கக் கடல், தெற்கே பார்த்தால் பாக் நீரிணை. இரண்டுக்கும் நடுவில், மணல்மேடும் காடும் சதுப்புமாகக் கிடக்கிறது கோடியக்கரை. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்து 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கு வந்தது, வேதாரண்யம் வட்டம். நிர்வாகக் கதை அவ்வளவுதான்.

இங்கே சொந்தக்காரர்களைவிட வந்து போகிறவர்களே எப்போதும் அதிகம். ஐப்பசியில் பறவை வரும், மீனவர் வருவார்கள். தை பிறந்தால் ஆமை வரும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஆதிசேதுக் கடலில் முழுக்குப் போட லாரியிலும் வேனிலும் ஜனம் வரும். ராமர் நின்று இலங்கையைப் பார்த்ததாகச் சொல்லும் ராமர் பாதம் காட்டுக்குள் ஒரு மணல்மேட்டின் மேல் இருக்கிறது. இந்தச் சமதரையில் உயரம் என்று சொல்ல அதுதான் உண்டு. கடலுக்கு அப்பால் இலங்கை. அங்கே கலவரம் மூண்ட காலங்களில் இரவோடு இரவாகப் படகில் வந்து இறங்கியவர்களையும் இந்தக் கரை பார்த்திருக்கிறது.

வந்தவர்களில் மூத்தவர் சுந்தரர். சேரமான் பெருமாளோடு திருமறைக்காடு என்ற வேதாரண்யத்தைத் தரிசித்துவிட்டு இங்கே வந்தவர், கடற்காற்று வீசும் காட்டோரத்தில் குழகராகிய சிவன் துணையின்றி இருப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், இங்கே ஏன் தனியே இருக்கிறீர் என்று கேட்டுப் பதிகம் பாடினார். கோடிக்குழகர் கோயிலில் அம்மன் பெயர் மைத்தடங்கண்ணி. திருவிழா நாள் நீங்கலாகப் போனால், சுந்தரர் கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம். கோயில் அத்தனை அமைதி.

அடுத்து வந்தவர் கல்கி. ‘பொன்னியின் செல்வ’னில் பூங்குழலி படகு வலித்ததும், புதைசேற்றில் ஆள் சிக்கியதும், கலங்கரை விளக்கத்தில் ஒளி எரிந்ததும் இந்தக் கரையில்தான். படம் வந்த 2022-க்குப் பிறகு, பூங்குழலியின் ஊர் எது என்று கேட்டுக்கொண்டு வருகிற இளவட்டங்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் தேடுகிற கலங்கரை விளக்கம் இன்று இல்லை. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கோபுரம் ஒன்று கடலோரத்தில் சிதைந்து நின்றது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை அதையும் வாரிக்கொண்டு போய்விட்டது. அதுவரை அதைச் சுற்றி ஒரு தடுப்புச் சுவர்கூட எழுப்பத் தோன்றாதவர்கள், போன பிறகு ‘வரலாற்றுச் சின்னம்’ என்று எழுதினார்கள். இப்போது நிற்பவை ஆங்கிலேயர் வைத்த குட்டை விளக்கும், அண்மைக் காலத்து உயரமான விளக்கும்தான்.

காட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். 1967-இல் இது வனவிலங்கு சரணாலயமானது. முதுமலை, ஆனைமலை என்று பழகிய கண்ணுக்கு இதைக் காடு என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. வண்டியை நிறுத்தி, “காடு எங்கே சார் ஆரம்பிக்குது?” என்று காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு கேட்டவர்கள் உண்டு. இது உலர் பசுமைமாறாக் காடு. மழை மூன்று மாதம், மீதி நாள் உப்புக் காற்று. அதற்குத் தாக்குப்பிடிக்கிற மாதிரி மரங்கள் குள்ளமாய், அடர்ந்து, இலை தடித்து நிற்கும். அரசன் பாலை மரம். கோடையில் மஞ்சளாய்ப் பழுக்கும் பாலைப்பழத்தை வேதாரண்யம் கடைத்தெருவில் ஆழாக்கால் அளந்து விற்பார்கள். தின்றால் உதட்டில் பால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டலோடு பள்ளிக்கூடம் போன தலைமுறை நாங்கள். உகா மரமும் மூலிகைச் செடிகளும் சேர்ந்து, வைத்தியர்கள் தேடிவருகிற காடு இது.

மரக்கூட்டத்துக்கு நடுவே திறந்த புல்வெளி. வெளிமானின் இடம் அது. பெயரிலேயே வெளி இருக்கிற மானுக்கு மறைவு பிடிக்காது. தூரத்தில் வருகிறதைப் பார்க்கவேண்டும், பார்த்ததும் ஓட இடம் வேண்டும். முறுக்குக் கொம்பு ஆணுக்கு மட்டும். காலை வெயில் ஏறுவதற்குள் போனால் கூட்டமாக மேய்வதையும், ஏதோ நினைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக எழும்பித் துள்ளிப் போவதையும் பார்க்கலாம். புள்ளிமானும் நரியும் காட்டுப்பன்றியும் உண்டு. யாரோ எப்போதோ விட்டுப்போன மட்டக்குதிரைகள் பெருகி, இப்போது காட்டுக் குதிரைகளாகவே திரிகின்றன. சுற்றுலாக்காரர்களுக்குக் குதிரை பெரிய குஷி. மானுக்கு அவ்வளவு குஷியில்லை. இருவருக்கும் அதே புல்தான்.

ஆனால் கோடியக்கரையின் உயிர் காட்டில் இல்லை. அதற்கு மேற்கே கிடக்கிற சதுப்பில் இருக்கிறது.

வேதாரண்யம் சதுப்பு, மணல்திட்டின் முதுகுக்குப் பின்னால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீண்டு கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில், காவிரிக் கடைமடையின் வடிகால்கள் எல்லாம் மிச்சத் தண்ணீரைக் கொண்டுவந்து இதில்தான் கொட்டும். கடலும் தன் பங்குக்கு முகத்துவாரங்கள் வழியாக ஏறி இறங்கும். நன்னீரும் உவர்நீரும் கலந்து முழங்காலளவு நிற்கும்போது சேற்றில் புழுவும் கூனியும் சின்ன மீனும் பெருகும். தை, மாசியில் நீர் வற்ற வற்ற உப்பு ஏறும். சித்திரையில் வெண்ணிறமாகப் பூத்துக் கிடக்கும். ஒரே இடம், ஒரே ஆண்டுக்குள் ஏரியாகவும் சேறாகவும் உப்புத் தரையாகவும் மூன்று வேடம் போடுகிறது. எந்த ஆழத்தில் எந்த உப்பில் எந்த இரை இருக்கும் என்ற கணக்கு பறவைக்குத் தெரியும்.

அந்தக் கணக்கை நம்பித்தான் சைபீரியாவிலிருந்து உள்ளான்கள் வருகின்றன. உள்ளான் என்று நாங்கள் பொதுவாகச் சொன்னாலும் அதில் எத்தனையோ வகை. கைக்குள் அடங்குகிற சிற்றுள்ளான், வடகோடியில் முட்டையிட்டுப் பொரித்துவிட்டு இமயத்தையும் தாண்டி இந்தச் சேற்றுக்கு வந்து சேர்கிறது. கூழைக்கடா, செங்கால் நாரை, கடல் ஆலா, வாத்து வகைகள். எல்லாவற்றுக்கும் மேலே பூநாரை. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்றைக் கலக்கி வடிகட்டித் தின்னும். ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும்போது அடிவானத்தில் இளஞ்சிவப்புக் கோடு போட்டமாதிரி இருக்கும். பறந்தால்தான் சிறகின் உள்சிவப்பு தெரியும். முனியப்பன் ஏரி, பம்ப் ஹவுஸ், கோவைத்தீவு என்று பார்க்கிற இடங்கள் பல. கார்த்திகை, மார்கழி, தை நல்ல காலம்.

இந்த அதிசயத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் சாலிம் அலி. அவருடைய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகள் இங்கே முகாமிட்டுப் பறவைகளுக்கு வளையம் போட்டார்கள். பிடிப்பதற்குப் பீகாரிலிருந்து மீர்ஷிகார்கள் வந்தார்கள். பரம்பரையாகப் பறவை பிடிக்கிறவர்கள். கறிக்குப் பிடித்த கை, இங்கே இறகு கலையாமல் பிடித்து, எடை பார்த்து, சிறகு அளந்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டது. இரவில் சேற்றில் வலை கட்டக் கூடப் போன உள்ளூர் ஆட்களும் பறவையின் பேரைக் கற்றுக்கொண்டார்கள். உலகிலேயே அரிதாகிவிட்ட கரண்டி மூக்கு உள்ளானும் ஒரு காலத்தில் இங்கே பதிவானது. இந்த உழைப்பெல்லாம் சேர்ந்துதான் 2002-இல் சுமார் 385 சதுர கிலோமீட்டர் பரப்பு ராம்சார் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022 வரை, இருபது ஆண்டுகள், தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்த ஒரே இடம் கோடியக்கரை.

கடல் பக்கம் போனால் வேறு ஊர். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை மீன்பிடிக் காலம். நாகை, கடலூர், புதுக்கோட்டை, தூத்துக்குடி எனப் பல கரைகளிலிருந்து பைபர் படகோடும் வலையோடும் வந்து கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். வெறும் மணல் ஒரு வாரத்தில் டீக்கடையும் ஐஸ் வண்டியும் ஏலக் குரலுமாக மாறும். வாவல், காலா, ஷீலா, இறால், நீலக்கால் நண்டு; நல்லது பெட்டியேறி வெளிமாநிலம் போகும், மிச்சம் மணலில் காய்ந்து கருவாடாகும். வாடை ஓய்ந்து சோழகம் வீசத் தொடங்கினால் கொட்டகை பிரிந்துவிடும். எல்லை தாண்டியதாகப் பிடிபடுகிற படகும், நடுக்கடலில் அடித்துப் பறிக்கப்படுகிற வலையும் இந்தப் பருவத்தின் வழக்கமான செய்தி.

அதே மணலில் இரவு நேரம் பங்குனி ஆமை ஏறி முட்டையிடும். வனத்துறையினர் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் அதே மாதங்களில் இழுவலையில் மூச்சுமுட்டிச் செத்த தாய் ஆமைகளும் கரை ஒதுங்குகின்றன.

உப்பைச் சொல்லாமல் இந்தப் பகுதியைச் சொல்ல முடியாது. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கிய ராஜாஜி, 30-ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். வந்தவர்களுக்கு எல்லாம் ஏற்பாடு செய்தவர் எங்கள் வேதரத்தினம் பிள்ளை. போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்த வைரப்பனும் எங்கள் ஊர்தான். அந்தப் போராட்டத்துக்கு நினைவுத் தூண் இருக்கிறது, ஆண்டுக்கொருமுறை மாலை விழுகிறது. எந்த உப்புக்காகச் சிறை போனார்களோ அந்த உப்பின் இன்றைய கதை வேறு.

அதற்கு வருமுன் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை புயல் எங்கள் தலைமேல்தான் கரையேறியது. பாலை மரங்கள் முறிந்தன; வீட்டு மாவும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. மானும் குதிரையும் வெள்ளத்தில் அடித்துப் போய், உடல்கள் வடக்கே காரைக்கால் கரை வரை ஒதுங்கின. காடு மெல்ல எழுந்துகொண்டிருக்கிறது. புயல் வரும், காடு எழும்; இது அதற்குப் பழக்கம். பழக்கமில்லாதவை வேறு சில.

முதலாவது, தண்ணீர். 1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்தே கடைமடைக்குக் கீழே வருகிற நன்னீர் சுருங்கிவிட்டது. மிஞ்சியதையும் உப்பளக் கரைகள் மறிக்கின்றன. ராம்சார் எல்லைக்குள்ளேயே தொழிற்சாலை உப்பளங்கள் இருக்கின்றன. உப்பளத் தேக்கங்களிலும் பறவை மேய்கிறது என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சதுப்பு முழுக்கக் கட்டுப்பாத்தியானால் நீர் ஏறுவதும் வற்றுவதும் இயந்திரத்தின் இஷ்டம், பருவத்தின் இஷ்டம் இல்லை. கப்பல் வழி வெட்டுகிறோம் என்று 2005-இல் தொடங்கிக் கடலடியைத் தோண்டிவிட்டுப் பாதியில் விட்டுப் போன திட்டத்தையும் பார்த்தோம். வானம் மறைக்கிற அளவு உள்ளான் இறங்கியதைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இன்று அப்படிச் சொல்ல எந்தப் பையனுக்கும் வாய்ப்பில்லை.

இரண்டாவது, சீமைக் கருவேலம். புல்வெளியைப் பொட்டல் என்று நினைத்து ‘பசுமை’யாக்க விரும்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வெளிமானுக்குத் தேவை மரமில்லை, புல். கருவேலங்காயை மான் தின்று விதையைத் தானே பரப்புகிறது. அதன் வீட்டை அதுவே மூடிக்கொள்கிறது. ஒரு பக்கம் வெட்டுகிறார்கள், மறுபக்கம் தழைக்கிறது.

மூன்றாவது, விருந்தாளிகள். குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட் வீசுகிறார்கள். காட்டுச் சாலையில் பறக்கிறார்கள். அமாவாசை முழுக்குக்குப் பிறகு கடலில் விட்ட பழந்துணி ஆமை ஏறுகிற மணலில் வந்து கிடக்கிறது. மான் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று என்று திரும்புகிற வண்டிகளில் பெரும்பாலானவை சதுப்புப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. விறகு பொறுக்கப் போகிற கோடியக்காட்டுப் பெண்ணுக்கு இருக்கிறது. பாலைப்பழம் உலுக்குகிற பையனுக்கு இருக்கிறது. மரத்தை வெட்டினால் வழக்கு, நீரை மறித்தால் குத்தகை. வந்து போகிற வழியும் சுருங்கிவிட்டது. முன்பு கோடியக்கரை வரை ரயில் வந்தது. 2023-இல் அகலப் பாதை மீண்டபோதும் அகஸ்தியன்பள்ளியோடு நின்றுவிட்டது. மிச்சத் தூரத்துக்குப் பேருந்தைப் பார்த்துக் காத்துக் கிடக்கவேண்டும். பறவைப் பெயர் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக்கினால் நாலு குடும்பம் பிழைக்கும், பறவையைப் பிடிக்கிற கையும் குறையும். இதைச் சொல்லாத கூட்டமில்லை. குறித்துக்கொள்ளாத அதிகாரியும் இல்லை.

பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. வடிகாலையும் முகத்துவாரத்தையும் மழைக்கு முன் தூர் வாருங்கள். சோதனைச் சாவடியில் கட்டணப் பலகை மாட்டியிருக்கிறீர்களே, அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை மாட்டுங்கள்: இந்த ஆண்டு சதுப்பில் எத்தனை பறவை, போன ஆண்டு எத்தனை, பத்து ஆண்டுக்கு முன் எத்தனை. காசு கொடுத்து உள்ளே வருகிறவர்களாவது ஏன் குறைந்தது என்று கேட்கட்டும். நாங்கள் கேட்டு அலுத்துவிட்டோம்.