நான்கு ஆண்டுக் கணக்கு



திருப்பதிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் எவரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். "நீ லோக்கலா, நான்-லோக்கலா?" என்பதே அக்கேள்வி. நான் 'லோக்கல்'. ஆனால் நானோ குடிபாலாவில் பிழைக்க வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். மூன்று தலைமுறையாகக் குடிபாலாவிலேயே நிலபுலத்தோடு வாழும் குடும்பத்தில் பிறந்த என் நண்பனோ 'நான்-லோக்கல்'. இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

குடிபாலா, சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள மண்டலம். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வட ஆர்க்காட்டின் வடபகுதி அதனுள் சென்றது. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று; குடிபாலா திரும்பவில்லை. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. குடிபாலா சித்தூரிலேயே நின்றது. கோடுகள் இத்தனை முறை மாறியும், சந்தையில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எங்கள் மக்கள் மாறவில்லை.

எனக்கு மூன்று வயதாகும்போது, மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து அப்பா காட்பாடிப் பக்கத்திலிருந்து குடிபாலாவுக்கு வந்தார். பிள்ளை தமிழில் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆகவே பாட்டி வீட்டில் தங்கி, எட்டாம் வகுப்பு வரையில் காட்பாடியில் படித்தேன். என் நண்பனும் நாள்தோறும் பேருந்தில் எல்லையைக் கடந்து அதே பள்ளிக்கு வந்தான். ஒரே பெஞ்சில் அமர்ந்தோம்.

2016 கோடை விடுமுறையில் அப்பாவுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெலுங்கர், தமிழும் நன்றாகப் பேசுவார். "ஒன்பதாம் வகுப்புக்குப் பையனை இங்கே கொண்டு வந்து சேர்த்துடுய்யா. நாலு வருஷக் கணக்கு இருக்கு. இப்போ விட்டா அப்புறம் பிடிக்க முடியாது," என்றார். அப்பாவுக்கு மனமில்லை. அம்மா மட்டும், "தமிழை வீட்டுல பேசிக்கலாம். காலேஜ் சீட்டை வீட்டுல வச்சுக் குடுக்க முடியுமா?" என்றார். ஜூன் மாதம் நான் சித்தூரில் ஆங்கில வழிப் பள்ளியில் சேர்ந்தேன். அந்தப் பேச்சை எவரும் என் நண்பன் வீட்டில் சென்று சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு உறுத்துகின்றது.

நிற்க. அந்த நான்கு ஆண்டுக் கணக்கு யாது? 1969-இலும் 1972-இலும் ஆந்திரப் பிரதேசத்தில் வட்டார உரிமை கேட்டுப் பெருங்கிளர்ச்சிகள் எழுந்தன. அவற்றின் பயனாக 1973-இல் அரசியல் சட்டத்தில் 371-டி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 1974-இல் குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்தது. கல்லூரி இடங்களில் நூற்றுக்கு 85 அவ்வப்பகுதி மாணவர்க்கு. எஞ்சிய 15 பொதுப் போட்டிக்கு. இராயலசீமை மாவட்டங்களும் நெல்லூரும் சேர்ந்தது நம் பகுதி. அதன் பெயரே 'வெங்கடேசுவரா பல்கலைக் கழகப் பகுதி'. தகுதித் தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகளும் தொடர்ச்சியாக இப்பகுதிப் பள்ளிகளில் படித்தவனே 'லோக்கல்'. ஒன்பது, பத்து, இண்டர்மீடியட் இரண்டாண்டு: கூட்டினால் நான்கு. எனக்குச் சரியாக அமைந்தது. ஓராண்டு பிந்தியிருந்தால் நானும் வெளியான்.

என் நண்பன் பத்தாம் வகுப்பைத் தமிழில் முடித்துவிட்டு இண்டர்மீடியட்டுக்குச் சித்தூர் வந்தான். கணக்கில் இரண்டே ஆண்டு. 2020-இல் வேளாண்மைப் படிப்புக்கு விண்ணப்பித்தான். அவனைவிடத் தரவரிசையில் பிந்தியவர்கள் 85-இல் இடம் பெற்றார்கள். பெற்றோர் பத்தாண்டு மாநிலத்தில் வாழ்ந்தவர் என்பதால் அவனுக்குத் திறந்திருந்தது அந்த 15 மட்டுமே. அதில் இடம் எட்டவில்லை. எல்லைக்கு அப்பால் ஒரு கல்லூரியில் கேட்டான். "கடைசி இரண்டு வருஷம் ஆந்திராவில் படிச்சிருக்கியே, உங்க அப்பா அம்மாவும் ஆந்திராக்காரங்க," என்றார்களாம். இன்று அவன் தந்தையின் நிலத்தில் கரும்பு பயிரிடுகின்றான். உழவு இழிவன்று. ஆனால் அதைக் கற்றுத் தேற விரும்பியவனுக்குக் கல்லூரி வாயில் அடைக்கப்பட்டதே, அதுவே என் வருத்தம்.

சென்ற ஆண்டு, பிரிட்டனில் வாழும் ஐரோப்பியப் பிள்ளைகளின் நிலை பற்றிப் படித்தேன். படிக்கும்போதே குடிபாலா நினைவுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின்னர், அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று கெடு வைத்தனர். ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்தவர்க்கு நிரந்தர வாழ்வுரிமை. குறைந்தவர்க்குத் தற்காலிக உரிமை. கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம் வேண்டும். அங்கே பிறந்துவிட்டதாலேயே குழந்தை குடிமகனாகிவிடாது. 1983 முதல், பிறக்கும்போது பெற்றோரில் ஒருவரேனும் பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வாழ்வுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். பெற்றோரின் தாள் சரியில்லாவிடில் பிள்ளை தவிக்க வேண்டியதுதான்.

ஆயினும் அச்சட்டத்தில் ஒரு வாயில் உண்டு. அந்நாட்டில் பிறந்து, முதல் பத்தாண்டையும் அங்கேயே கழித்த குழந்தை, பெற்றோர் எந்நிலையில் இருந்தாலும், குடிமகனாகப் பதிவு செய்துகொள்ள உரிமை பெறுகின்றது. அந்த வாயில் குழந்தைக்கே உரியது. தந்தையின் பிழையோ தாயின் அறியாமையோ அதை அடைக்க மாட்டா.

நமக்கு வேண்டுவதும் அத்தகைய ஒரு வாயிலே. நாம் அயல்நாட்டார் அல்லர்; இந்தியாவில் குடியுரிமை ஒன்றே. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம், இந்தியக் குடிமகனுக்கு இந்தியா என்ற ஒரே வாழிடம்தான் உண்டு என்று எடுத்துரைத்தது. 1974-ஆம் ஆண்டு ஆணையை நான் பழிக்கவில்லை. பின்தங்கிய இராயலசீமைப் பிள்ளைகளுக்கு அது காவலாயிற்று. அக்காவலால் பயனடைந்தவன் நான். ஆனால் எல்லையோரப் பிள்ளைக்குப் பள்ளிப் பெஞ்சின் கணக்கை மட்டும் பார்ப்பது முறையன்று. இப்பகுதியில் பத்தாண்டு வளர்ந்த பிள்ளை, தாய்மொழியைத் தேடி எல்லைக்கு அப்பால் படித்திருந்தாலும், இப்பகுதிப் பிள்ளையே எனக் கொள்ளல் வேண்டும். இதை நம் சங்கம் உரியவர்களிடம் எடுத்துரைக்கலாகாதா?

அதுவரையில் நம்மால் ஆவது ஒன்று உண்டு. ஊருக்குச் செல்லும்போது ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஒவ்வோராண்டுப் படிப்புக்கும் ஸ்டடி சர்டிபிகேட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டார் சொல்லாமல் விட்டதை நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

என் தங்கை இப்போது காட்பாடியில் எட்டாம் வகுப்பு. சென்ற மாதம் அப்பா என்னைக் கேட்டார், "என்னடா செய்யலாம்?" என்று. பழைய கணக்கு எங்கள் இருவர் நினைவிலும் இருந்தது. "கூட்டிட்டு வந்துடலாம்ப்பா," என்றேன். தங்கை அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அங்க எனக்குத் தமிழ் யாருண்ணா சொல்லிக் குடுப்பாங்க?" என்றாள்.

ஞாயிறுதோறும் நானே வந்து சொல்லிக் கொடுப்பதாக வாக்களித்திருக்கின்றேன். திருப்பதியிலிருந்து குடிபாலா சென்று திரும்ப ஒரு பகல் போய்விடும், போகட்டும். அவளைப் போன்ற பிள்ளைகள் எல்லையோர ஊர்களில் பலர் உளர். ஞாயிறு ஒன்றை ஈய விரும்பும் தோழர்கள் இருப்பின் என்னோடு வாருங்கள்.