சந்தடியில்லாத சாலை

சேலத்தில் நான் குடியிருக்கும் பேட்டைக்கு ஃபேர்லேண்ட்ஸ் என்று பெயர். தமிழில் 'அழகிய நிலங்கள்' என்று அர்த்தம் சொல்லலாம். இப்போது இங்கே நிலம் என்று மிஞ்சியிருப்பது பூந்தொட்டிகளுக்குள் இருப்பதுதான். ஆஸ்பத்திரிகள், துணிக்கடைகள், ஓட்டல்கள், அவற்றுக்கு வந்தவர்கள் நிறுத்திவிட்டுப் போன மோட்டார்கள், இவற்றுக்கு நடுவே கொஞ்சம் மனிதர்களும் வசிக்கிறோம். காலையில் தொடங்கும் ஹாரன் சத்தம் இரவு பதினொரு மணிக்குத்தான் ஓய்கிறது. எழுத்துத் தொழிலில் உள்ள ஒரே சௌகரியம், எந்தக் கிழமையையும் ஞாயிற்றுக்கிழமை ஆக்கிக் கொள்ளலாம் என்பது. ஆகவே வாரத்தில் ஒரு நாள், விடியுமுன் சைக்கிளை எடுத்துக் கொண்டு ஊருக்குத் தெற்கே கிளம்பிவிடுகிறேன்.

என் பிராயத்து மனிதன் சைக்கிளில் போவதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும் என்பது நம் ஜனங்களின் தீர்மானம். ஒன்று, டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், கடன்காரன் வண்டியைப் பறித்துக் கொண்டு போயிருக்க வேண்டும். சும்மா போகிறேன் என்றால் நம்புவதில்லை. "சும்மாவா? அவ்வளவு தூரமா?" என்று கேட்டுவிட்டு, பாவம், இவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்பதுபோல் பார்க்கிறார்கள்.

சென்ற மார்கழியில் எனக்கு ஒரு துணை கிடைத்தது. சிநேகிதர் ஒருவருடைய பிள்ளை ஸ்பெயின் தேசத்தில் ஸரகோஸா நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன் அந்த ஊர்ச் சைக்கிள் பாதைகளைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தான். ஸரகோஸாவுக்குப் பக்கத்தில் மொனேக்ரோஸ் என்று ஒரு வறண்ட சீமை இருக்கிறதாம். ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதிகம். அங்கே ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தாலும் ஒரு மோட்டாரைப் பார்க்க முடியாது. ரயில் நின்றுபோன பழைய இருப்புப் பாதைகளைச் சைக்கிள் வழிகளாக மாற்றும் வேலையை 1993-இல் ஆரம்பித்திருக்கிறார்கள். 'பசுமை வழி' என்று அவற்றுக்குப் பெயர். இரும்புத் தாது ஏற்றிப் போன ஒரு பாதை மட்டும் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளம். அது புறப்படும் ஊரின் பெயர் ஓஹோஸ் நெக்ரோஸ். 'கரிய விழிகள்' என்று பொருள்.

"நம்ம ஊரிலே அந்த மாதிரி அமைதியான ரோடு எங்கே மாமா இருக்கு?" என்று முடித்தான். அந்தக் கேள்வியில் இருந்த அநுதாபம் எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்குக் காலை ஐந்தரை மணிக்கு வா அப்பா, காட்டுகிறேன்" என்றேன்.

வாசகர்களில் யாருக்காவது ஆசை இருந்தால் வழியைச் சொல்லிவிடுகிறேன். பஸ்கள் விழித்துக் கொள்வதற்கு முன் நகரத்தைக் கடந்துவிட வேண்டும். நிலவாரப்பட்டி, நாழிக்கல்பட்டி வழியாகப் பனமரத்துப்பட்டி. அங்கிருந்து மேற்கே திரும்பி மல்லூர், அப்புறம் வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டி, பிறகு வீட்டுக்கு. எல்லாம் சேர்ந்து அறுபது கிலோமீட்டருக்கு முன்பின்னாக இருக்கும். மார்கழியும் தையும் உத்தமமான மாதங்கள். அம்மியைப் பறக்கடிக்கும் ஆடி மாதத்திலும் இந்த வழி உதவும். கடைசியில் மேற்கேயிருந்து ஊர் திரும்புகிறபோது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளிக் கொண்டு வந்து வீட்டில் சேர்த்துவிடும். வேலிமுள் டயரோடு மிகவும் சிநேகம் பாராட்டும் பிரதேசம் இது. பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இல்லாமல் புறப்படக் கூடாது.

ஜருகுமலையைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு பனமரத்துப்பட்டிக்குப் போகிறபோது பொழுது விடிகிறது. 1911-லிருந்து சேலம் நகரத்துக்குத் தாகம் தீர்த்த ஏரி அங்கே இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் வந்த பிறகு நகரம் அதை மறந்துவிட்டது. பல ஆண்டுகள் தண்ணீருக்குப் பதில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த ஏரி அது. இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சாலை என்றால் என்ன என்பதும் நன்றாகத் தெரியும். 2018-இல் சென்னையிலிருந்து சேலத்துக்கு எட்டு வழிச் சாலை போடுவதற்காக இவர்களுடைய தோட்டங்களில் கல் நட்டார்கள். ஸ்திரீகள் வயலில் விழுந்து அழுததைப் பத்திரிகைகளில் பார்த்தோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்துச் செய்தது. 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் திட்டத்துக்கு வழிவிட்டது. அப்போது ஒரு வாதம் அடிக்கடி காதில் விழுந்தது: "பாதிக்கு மேல் வெறுங்காடுதானே?" என்று. இந்த 'வெறுங்காடு' என்ற வார்த்தையைச் சற்று ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

மல்லூரில் 44-ஆம் எண் நெடுஞ்சாலை குறுக்கிடுகிறது. ஸ்ரீநகரில் புறப்பட்டுக் கன்னியாகுமரியில் முடிகிற ராஜபாட்டை. சைக்கிள்காரன் அதைக் கடப்பது காவேரி வெள்ளத்தில் இறங்குகிற மாதிரிதான். ஆனால் அதற்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். லாரிகளையெல்லாம் அது இழுத்துக் கொண்டுவிட்டது. கடந்து மேற்கே இறங்கினால், மூன்று நிமிஷத்தில் இரைச்சல் அடங்கி, நம்முடைய சைக்கிள் சங்கிலியின் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது.

இந்தச் சிறு சாலைகள் பழைய காலத்தின் மிச்சம் என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. பல இடங்களில் இவை இட்டேரிகளாக இருந்தவை. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற மண் தடம். கிராமச் சாலைகளுக்கான மத்திய சர்க்கார் திட்டம் 2000 டிசம்பர் 25-ஆம் தேதி பிறந்தது. அதிலும், மாநிலத்தின் திட்டங்களிலுமாகத் தார் வந்தது. நாங்கள் மிதித்துப் போன சாலைக்கு அந்தப் பையனைவிட வயது குறைவு. வெண்ணந்தூரில் மாவட்டம் மாறி நாமக்கல் ஆகிவிடுகிறது. 1997 வரை அதுவும் சேலமாகவே இருந்தது. சைக்கிளுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

மோட்டாரில் போகிறவருக்கு இது வறண்ட பூமி. கரடு, பனை, வேலமரம், மறுபடியும் கரடு. சைக்கிளின் வேகத்தில் பார்த்தால் ஒவ்வொரு துண்டு நிலத்திலும் யாரோ என்னவோ செய்து கொண்டிருக்கிறார்கள். ஒரு காட்டில் மரவள்ளி பிடுங்குகிறார்கள். அது ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். அடுத்ததில் ஆமணக்கு. அப்பால் சோளத்தட்டுப் போர். ஒன்றுமே இல்லாத காடும் மழைக்காக உழுது போட்ட காடுதான். மொனேக்ரோஸைப் போல் இரண்டு மடங்கு மழை இங்கே பெய்கிறது. ஆனால் சில மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. மீதியை வெயில் குடிக்கிறது. மண்ணுக்குக் கீழே கெட்டிப் பாறை. ஆழ்துளைக் கிணறு 1000 அடிக்கு மேல் போய்விட்டது. தேசமெங்கும் பூமியைத் துளைக்கும் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு இங்கிருந்து அதிக தூரமில்லை. துளைக்கும் வித்தையை இந்தப் பூமிதான் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்.

ஓர் இடத்தில் சாலை முழுவதும் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டி ஏறினால் கொள்ளு உதிரும், கூலி மிச்சம். நாங்கள் ஓரமாக இறங்கித் தள்ளிக் கொண்டு போகப் பார்த்தோம். ஒரு கிழவர், "மேலேயே ஏத்துங்க சாமி, பரவாயில்லை" என்றார். ஏறினோம். திரும்பிப் பார்த்துவிட்டு, "உங்க வண்டிக்கு ஒரு கொள்ளும் உதிராதுங்க" என்று சிரித்தார்.

வெண்ணந்தூரை நெருங்குகிறபோது பையன் சைக்கிளை நிறுத்தினான். "ஏதோ சத்தம் கேட்குது மாமா" என்றான். தறிச் சத்தம். அதனுடன் எங்கோ ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு பம்பு செட்டு, யாரோ யாரையோ கூப்பிடும் குரல். கொஞ்ச நேரம் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு அவன் சொன்னான்:

"அங்கே எனக்கு ஒரு மாதிரி இருக்கும் மாமா. ஊருக்குள்ளே நுழைஞ்சா வீடெல்லாம் பூட்டியிருக்கும். மாதா கோயில் மணி அடிக்கும். வெளியே வர ஆள் இருக்காது."

அவன் சொன்னதில் மிகை இல்லை. ஸ்பெயினின் உள்நாட்டில் சோரியா, தெருவெல் மாகாணங்களில் சதுர கிலோமீட்டருக்கு 10 பேர்கூட இல்லை. இளைஞர்கள் மாட்ரிட்டுக்கும் பார்ஸிலோனாவுக்கும் போய்விட்டார்கள். 'தெருவெலும் இருக்கிறது' என்று பெயர் வைத்து அந்த மாகாணத்தார் ஓர் இயக்கம் நடத்தி, 2019 நவம்பர் தேர்தலில் பார்லிமெண்டுக்கு ஓர் அங்கத்தினரையும் அனுப்பினார்கள். நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பதையே ஒரு கட்சியின் பெயராக வைக்க வேண்டியிருக்கிறது! நாமக்கல் மாவட்டத்திலோ 2011 கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல். அங்கே அமைதி இருப்பது ஆள் போய்விட்டதால். இங்கே ஆள் இருந்தும் அமைதி இருக்கிறது. அவர்கள் கிணற்று மேட்டிலும் தறியிலும் களத்திலும் இருக்கிறார்கள்.

இப்படி நான் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தபோதே பின்னால் மணி அடித்தது. சீருடை அணிந்த பெண்கள் ஐந்தாறு பேர், எல்லாம் சர்க்கார் கொடுத்த சைக்கிள்கள், எங்களைத் தாண்டிப் போனார்கள். கீர் வைத்த சைக்கிளில் இருந்த ஸரகோஸா வீரனையும் சேர்த்துத்தான் தாண்டினார்கள். பதினோராம் வகுப்பு மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுப்பது 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்களுக்கென்று தொடங்கி, 2005-06-இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று விரிந்தது.

அவர்களில் ஒருத்தியின் தாயார் சாலையோரத்தில் மாட்டுக்குத் தட்டு அறுத்துக் கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா?" என்றாள்.

"இல்லைங்க அம்மா. சும்மா, ரோடு அமைதியாக இருக்கிறதே என்று வந்தோம்."

"அமைதிக்கென்னங்க, நிறைய இருக்குது" என்றாள். "பஸ்ஸு வந்தாத்தானே சத்தம் வரும்? 2021-லே பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லேன்னாங்க. வாஸ்தவந்தானுங்க. வந்தா ஏறிக்கலாம்."

"ரோட்டை அகலப்படுத்தினால் பஸ் வரும் இல்லையா?" என்று பையன் கேட்டான்.

"வரட்டுமுங்க. வேண்டாம்னு யார் சொன்னா? நாளைக்கு ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா வண்டி வரணுமில்லீங்களா? ஆனா லாரியும் சேர்ந்து வருமுங்க. டோலுக்குப் பயந்துக்கிட்டு இப்படித் திரும்புவாங்க. அப்படி வந்தா, பிள்ளையைச் சைக்கிள்லே விடமாட்டேன். அவங்கப்பாவும் விடமாட்டாரு. பன்னெண்டாவதோட, போதும் வீட்டிலே இருன்னு சொல்லிருவாரு."

சொல்லிவிட்டுத் தட்டை அறுக்கப் போய்விட்டாள். அவளுக்கு இதில் சிந்தனை செய்ய ஒன்றுமில்லை. தினம் காலையில் நடக்கிற விஷயம். எனக்குத்தான் ஆட்டையாம்பட்டி வரும்வரை வேறு நினைவே வரவில்லை. நான் வாரம் ஒரு நாள் வந்து அநுபவிக்கிற அமைதி, இந்த ஊருக்கு வராத பஸ். அதே அமைதிதான் அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறது. பஸ் வேண்டாம், எனக்கு அமைதி வேண்டும் என்று பட்டணத்து மனிதன் எழுதினால் அது சுயநலம். அகலமான சாலை வந்துவிட்டால் எல்லாம் சரி என்று சர்க்கார் என்ஜினீயர் எழுதினால் அதில் அந்தப் பெண் விட்டுப்போகிறாள்.

"அங்கே ஒரு சட்டம் இருக்கு மாமா" என்றான் பையன். "சைக்கிளை முந்துகிற மோட்டார் குறைந்தது 1.5 மீட்டர் விலகிப் போகணும். போகாட்டி அபராதம்."

ஆளில்லாத சாலைக்கு அவர்கள் அப்படி ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் வரிசையாகப் போகும் சாலைக்கு நாமும் ஏதாவது யோசிக்கலாம். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ், லாரிக்குத் தடை, வேலியோரமாக ஒரு கஜம் கெட்டி மண் பாதை, இவ்வளவு போதும். எட்டு வழி, நான்கு வழி எல்லாம் போட்ட தேசத்துக்கு இது பெரிய செலவாக இராது. ஆனால் இதைக் கேட்பதற்கு முதலில் அந்தச் சாலையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். வெறுங்காடு என்று படத்தில் கோடு கிழிப்பவர்கள் ஒரு தடவையாவது காலை எட்டேகால் மணிக்கு, பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில், அந்த வழியாகப் போய்ப் பார்ப்பது நல்லது.

ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு வாங்கினோம். அது அந்த ஊரின் பெருமை. பையன் ஸ்பெயினுக்கென்று இரண்டு பொட்டலம் தனியாகக் கட்டி வாங்கிக் கொண்டான். பக்கத்தில் திருமணிமுத்தாறு சேலத்துச் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்து கொண்டு காவேரியைத் தேடிப் போய்க் கொண்டிருந்தது. நாங்கள் எதிர்த் திசையில் சைக்கிளைத் திருப்பினோம்.