கணவாய் வறுவலும் ஒரு மன்னிப்பும்



காயல்பட்டினத்திலிருந்து ஹாங்காங் வந்து, இரத்தினக்கல் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், கன்டோனீஸ் மொழியைச் சொல் சொல்லாக மனனம் செய்தேன். 6 தொனிகள் கொண்ட மொழி அது. தொனி பிடிபட்டாலும் பொருள் பிடிபட்டுவிடாது என்பதை எங்கள் கட்டடத்தின் முதிய காவலரால் அறிந்தேன்.

நாள்தோறும் அவர், "சிக் ஜோ ஃபான் மெய்?" என்பார். "சோறு உண்டாயா?" என்பது நேர்ப்பொருள், நலம் விசாரிப்பதே கருத்து. நம் ஊரிலும் அப்படித்தானே கேட்கிறோம்! அதனால் எளிதில் புரிந்தது.

ஒருநாள் மாலை அவர் தம்மைச் சுட்டிக்காட்டி, "சாவ் யாவ் யூ" என்றார். 'சாவ்' என்றால் வறுத்தல், 'யாவ் யூ' என்றால் கணவாய். இரவு உணவைச் சொல்கிறார் என்றெண்ணி, "ஹோ சிக்!" (நல்ல சுவை!) என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

உடன் பணியாற்றும் சீன நண்பர் விளக்கினார். அக்காலத்தில் கடையிலேயே தங்கி உழைத்தவர்கள், வேலை போனால் தம் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறுவார்களாம். சூட்டில் கணவாய் சுருள்வது அந்தப் படுக்கைச் சுருளை ஒத்திருப்பதால், வேலைநீக்கத்திற்கு அப்பெயர் வந்ததாம். நாம் "சீட்டுக் கிழிந்தது" என்பதைப் போல. வேலையிழந்த முதியவரிடமா நான் "நல்ல சுவை" என்றேன்!

அன்று மஃரிபுக்கு நாதன் சாலையிலுள்ள கவுலூன் பள்ளிவாசலுக்குச் சென்றேன். மனம் நிலைகொள்ளவில்லை. அடியாருக்கு இழைத்த குறையை அந்த அடியாரிடமே தீர்க்க வேண்டும் என்று ஓதுபள்ளியில் கற்றது நினைவில் உறுத்தியது.

நண்பரின் உதவியோடு அவர் வீட்டைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பற்றி, "யாவ் சம்" என்றார். "உள்ளம் இருக்கிறது" என்பது நேர்ப்பொருள். "நினைத்துக் கேட்டாயே, நன்றி" என்பது கருத்து.

அதன்பின் 'சம்' என்னும் அச்சொல்லைத் தேடிப் படித்தேன். 'ஹொய் சம்', திறந்த உள்ளம்: மகிழ்ச்சி. 'சியு சம்', சிறிய உள்ளம்: எச்சரிக்கை. 'ஃபோங் சம்', இறக்கி வைத்த உள்ளம்: நிம்மதி. கல்பைப் பற்றி இவ்வளவு கேட்டு வளர்ந்த எனக்கு இச்சொற்கள் அந்நியமாகத் தோன்றவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், அவருக்கு வேறோர் இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. வழியில் கண்டால் இன்றும், "சிக் ஜோ ஃபான் மெய்?" என்கிறார். "உண்டேன், நீங்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர் விடை சொல்லும்வரை நின்று கேட்கிறேன்.