46 நாளில் எழுந்த பாம்பன் பாலம்

ராமேஸ்வரம் போகிறவர்கள், பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தை ஒரு பார்வை பார்க்காமல் போவதில்லை. 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் இப்போது ரயில் ஓடுகிறது. அதற்கு முன் ஓடியது 1914-ல் திறந்த பழைய பாலத்தில். அந்தப் பாலத்துக்கு ஒரு கதை உண்டு.

1964 டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் ரயிலை, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் விழுங்கியது. துறைமுகம், ரயில் நிலையம், கடைத்தெரு என்று ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் இரும்பு கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. தீவுக்கு அப்போது வேறு பாலமும் கிடையாது.

சீரமைக்க ரயில்வே வைத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பு வந்தது 32 வயது பொறியாளர் இ.ஸ்ரீதரனிடம். நடுவிலிருந்த தூக்குப் பகுதி தப்பியிருந்தது ஓர் ஆறுதல். கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, மறுபடியும் தூண்கள்மேல் ஏற்றினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது!

தனுஷ்கோடி மட்டும் மீளவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. ஆனாலும் இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் மீனவக் குடிசைகள் இருக்கின்றன. வாசலில் சங்கும் பாசிமாலையும் விற்கிறார்கள்.

அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை உண்டு. போகும்போது அந்தக் குடிசைகளிடமும் வண்டியை நிறுத்துங்கள். இழந்ததை மீட்டவர்களைப் பாம்பனில் நினைத்துக்கொள்கிறோம். மீட்க முடியாததற்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.