வெளிச்சத்தைக் கணக்கிட்டு ஒரு ரயில் பயணம்

சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்கூட 11 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பர் கடைசியில் வெனிஸின் பகல் 9 மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. குளிர்காலத்தில் இத்தாலிக்குப் போகிறேன் என்றால் எல்லோரும் ஸ்வெட்டரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். குளிரைச் சமாளித்துவிடலாம். கம்பளி உடுத்திக்கொள்ளலாம், கடைக்குள் நுழைந்து சூடாக ஒரு காபி குடிக்கலாம். நாலரை மணிக்கே மறைந்துவிடும் சூரியனுக்குத்தான் மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது.

அதனால் அக்காவும் நானும் உட்கார்ந்து திட்டம் போட்டபோது, ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் முதலில் எழுதினேன். அக்காவுக்கு இது விசித்திரமாகப் பட்டது. "என்னடா, பஞ்சாங்கம் எழுதறியா?" என்றாள். ஷெங்கன் விசாவுக்கு எந்த ஊரில் எந்த இரவு தங்குகிறோம் என்று வரிசையாகக் காட்ட வேண்டும். போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. வரிசையை முதலிலேயே போட்டாக வேண்டும் என்றால், வெளிச்சத்தை வைத்தே போடுவோம் என்றேன்.

தேதியையும் அதுவே தீர்மானித்தது. கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்க அக்காவுக்கு ஆசை. ஆனால் டிசம்பர் 25, 26 இரண்டும் விடுமுறை. பெரிய அருங்காட்சியகங்கள் பல 25 அன்று மூடியிருக்கும், ரயில்களும் குறைவு. ஜனவரி 6, மூன்று ஞானியர் திருநாள் வரைக்கும் ஊரெல்லாம் கூட்டம். அது முடிந்த மறுநாளிலிருந்து ஓட்டல் வாடகை இறங்குகிறது. வெனிஸில் கார்னிவல் தொடங்கும்வரை அமைதிதான். ஜனவரி நடுவில் சூரியன் அங்கே ஐந்து மணியை ஒட்டி மறைகிறது; டிசம்பரோடு ஒப்பிட்டால் அரை மணிக்குக் கொஞ்சம் குறைவான லாபம். அக்கா விரும்பும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை நேப்பிள்ஸின் சான் கிரிகோரியோ அர்மேனோ தெருவில் ஆண்டு முழுவதும் செய்கிறார்கள். இதைச் சொன்னதும் ஜனவரிக்குச் சம்மதித்துவிட்டாள்.

மிலானில் இறங்கித் தெற்கு நோக்கிப் போவது என்று முடிவு. ஜனவரியில் போ ஆற்றுச் சமவெளியில் மூடுபனி பகலிலும் விலகாமல் கிடக்கும். தெற்கே போகப்போக வானம் திறக்கும், பகலும் கொஞ்சம் நீளும். இதைத் திருப்பிப் போட்டு, கடைசி நாட்களைச் சாம்பல் வானத்தின் கீழ் கழிக்க எனக்கு மனமில்லை.

ரயில்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வெனிஸுக்குள் பகலில்தான் நுழைய வேண்டும். 1846-இல் திறந்த ரயில் பாலத்தில் வண்டி மூன்றரைக் கிலோமீட்டர் காயலின் மேலே ஊர்ந்து போகும். சாந்தா லூச்சியா நிலையத்தின் வாசல்படியில் இறங்கினால் எதிரே பெருங்கால்வாய். அந்த நுழைவை இருட்டில் தொலைக்கக் கூடாது. வாடகை மலிவு என்று பலர் கரையிலுள்ள மெஸ்த்ரேயில் தங்குகிறார்கள். குளிர்காலத்தில் அது வேண்டாம். ஒருநாள் பயணிகள் திரும்பிப்போன பிறகு வெனிஸ் தன் மக்களிடம் திரும்பி வருகிறது. இருட்டிய பின்னும் நடக்க நடக்கத் தீராத ஊர் அது. வெள்ளத்தை நினைத்து முன்போல அஞ்ச வேண்டியதில்லை. 2019 நவம்பரில் நீர் 187 செ.மீ. உயர்ந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து மோசே தடுப்புகள் பெரிய ஓதங்களைக் கடல் வாயிலிலேயே நிறுத்துகின்றன. சான் மார்கோ சதுக்கம் தாழ்வான இடம் என்பதால் சிறு ஓதத்திலும் நனையும். நல்ல காலணி போதும்.

பொலோஞாவிலிருந்து ஃபிளாரன்ஸுக்குப் போவதோ நேர் எதிர். 2009-இல் திறந்த அதிவேகப் பாதையில் ஏறக்குறைய 78 கிலோமீட்டரில் 73 சுரங்கத்துக்குள்ளேயே போகிறது. அரை மணிக்குச் சற்று மேல், ஜன்னலில் நம் முகம் மட்டும்தான் தெரியும். நல்ல வெளிச்சத்தை ஏன் அங்கே செலவழிக்க வேண்டும்? அந்த வண்டியைச் சூரியன் மறைந்த பிறகு பிடிப்போம், பகல் முழுவதையும் பொலோஞாவுக்குக் கொடுப்போம் என்றேன். "பொலோஞாவில் என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் வண்டி மாறும் ஊராகவே அதை அறிவார்கள். அங்கே வீதியோரம் முழுவதும் தூண் வைத்த கூரை நடைகள். நகர மையத்தில் மட்டும் 38 கிலோமீட்டர். மாணவர்கள் பெருகிய பல்கலைக்கழக ஊர். இடம் போதாமல் மாடியறைகளை வீதிப்பக்கம் நீட்டினார்கள், கீழே தூண் கொடுத்தார்கள். 1288-இல் சட்டமே வந்தது: புது வீடு கட்டினால் நடை வைத்தே ஆக வேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பதும் அவர். நடக்கும் உரிமையோ ஊராருக்கு. வழிப்போக்கருக்கென்று நம் ஊர் வீடுகளில் விட்டுவைத்த திண்ணையை அறிந்த ஒருவருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. மழையும் பனியும் பெய்யும் ஜனவரியில் குடையில்லாமல் ஊரைச் சுற்றலாம். நகரத்து வாயிலிலிருந்து குன்றின் மேலுள்ள சான் லூக்கா கோயில்வரை ஒரே நடை, 666 வளைவுகள்.

ரயிலில் அந்த நாட்டைச் சுற்றுகிறவர்கள் பொலோஞா நிலையத்தில் ஒரு கடிகாரத்தின் முன் நிற்க வேண்டும் என்றும் சொன்னேன். அது 10.25-இல் நிற்கிறது. 1980 ஆகஸ்ட் 2 காலை, விடுமுறைக்குக் கிளம்பியவர்கள் நிறைந்திருந்த காத்திருப்பு அறையில் குண்டு வெடித்தது. 85 பேர் இறந்தார்கள். அந்த நேரத்தைத் தினமும் பயணிகளின் கண்ணில் படும்படி விட்டுவைத்திருக்கிறார்கள். அக்கா பேனாவை எடுத்து, பொலோஞாவுக்கு எதிரே இன்னொரு இரவைத் தானே எழுதினாள்.

ஃபிளாரன்ஸ், ரோம் இரண்டுக்கும் விதி சுலபம்: திறந்தவெளி பகலுக்கு, கூரைக்கடியில் உள்ளவை மாலைக்கு. குளிர்காலத்தில் கொலோசியம் நாலரைக்கே மூடிவிடும். உஃபீத்சி ஓவியக்கூடம் மாலை ஆறரைவரை திறந்திருக்கும், திங்களன்று விடுமுறை.

டிக்கெட் விஷயம் இரண்டே. அதிவேக வண்டிகளில் மலிவான இருக்கைகள் கொஞ்சம்தான், முன்கூட்டி எடுப்பவருக்கே கிடைக்கும். ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் புதிய கால அட்டவணை வருகிறது. ஜனவரி டிக்கெட்டுகள் விற்பனைக்கு வரத் தாமதமானால் பதற வேண்டாம். உள்ளூர் வண்டிகளுக்கு எப்போது எடுத்தாலும் ஒரே விலை. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும்.

நேப்பிள்ஸோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் இருந்தோம். நான் சிசிலியையும் சேர்த்தேன். சிசிலிக்குப் போகும் இன்டர்சிட்டி ரயிலை இக்கரையிலுள்ள வில்லா சான் ஜோவான்னியில் நிறுத்தி, பெட்டிகளைப் பிரித்து, பயணிகளோடு அப்படியே கப்பலுக்குள் ஏற்றுகிறார்கள். அக்கரையில் மெசினாவில் இறங்கிப் பெட்டிகள் மறுபடி சேர்கின்றன. இதற்கு இரவு வண்டியும் உண்டு, ஓட்டல் வாடகை மிச்சம். நான் பகல் வண்டியைத்தான் கேட்பேன். கலாப்ரியா கரையோரம் மணிக்கணக்கில் கடல் கூடவே வரும். இந்தப் பயணத்தில் சேமித்த வெளிச்சமெல்லாம் அதற்குத்தான். எத்னா மலையடிவாரத்தில் அப்போது செஞ்சாற்று ஆரஞ்சுகள் பழுத்திருக்கும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டால்தான் அந்தச் சிவப்பு ஏறும், குளிர்காலத்தில் போகிறவருக்கே கிடைக்கும்.

"அப்போ எந்தப் பக்கம் உட்காரணும்?" என்றாள் அக்கா. தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். வலப்பக்க ஜன்னலோரமாகவே அவளுக்கு எடுக்கப்போகிறேன்.