சின்ன இடி, பெரிய பேச்சு

சிட்னிக்குப் படிக்க வந்து முதல் காரை வாங்கும் நம் வாலிபர் பலரும், கிரீன் ஸ்லிப் கட்டியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அது மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும்தான். அடுத்தவர் காரின் கதவு நசுங்கினால் அதிலிருந்து ஒரு சென்ட்கூட வராது. இது தெரியாத ஒரு தம்பியால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓயவில்லை.

குவேக்கர்ஸ் ஹில் ரயில் நிலையக் கார் நிறுத்தத்தில் ஒரு மாலை, நாங்கள் இருவரும் காரில் ஏறி உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையிலிருந்து ரிவர்ஸ் எடுத்த கார் எங்கள் பின் பம்பரில் இடித்து நின்றது. சத்தம்தான் பெரிது. இறங்கி வந்தவர் சிவப்பு 'பி' மாட்டிய தமிழ்ப் பையன். நாங்கள் பேசுவதைக் கேட்டதும், "அண்ணா, அக்கா, இன்சூரன்ஸுக்கு மட்டும் போகாதீங்க, நானே செலவைக் கொடுத்துடறேன்" என்றார். அவரிடம் கிரீன் ஸ்லிப்பைத் தவிர வேறு காப்பீடு இல்லை.

பெயர், முகவரி, கார் எண் எல்லாம் மாற்றிக்கொண்டோம். அது பெருந்தன்மை அல்ல. நியூ சவுத் வேல்ஸ் சாலை விதிகளில் 287ஆவது அதைக் கட்டாயமாக்குகிறது. யாருக்கும் காயமில்லை, டோ டிரக் தேவையில்லை, இருவரும் நின்று விவரம் கொடுத்தாயிற்று. ஆகவே போலீஸுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகுதான் பேச்சு. எங்களுக்கு முழுக் காப்பீடு உண்டு. தவறு செய்தவரின் பெயரும் முகவரியும் கொடுத்தால் பொதுவாக நமக்கு எக்சஸ்கூடக் கிடையாது. ஒரு போன் செய்தால் போதும், கார் பளபளவென்று வந்துவிடும். ஆனால் கம்பெனி நமக்குச் செலவழித்ததை அந்தத் தம்பியிடம் கேட்கும். பகலில் படிப்பு, இரவில் வேலை என்று இருப்பவர் கைக்கு அந்தக் கடிதம் போகும். "நம்ம பிள்ளை, விட்டுவிடுவோம்" என்றார் எங்களில் ஒருவர். "அவர் தமிழ் பேசாதவராக இருந்தால் இப்படி யோசிப்போமா?" என்று மற்றவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றிரவு எங்களிடம் பதில் இல்லை.

பேனல் பீட்டரிடம் காட்டினோம். வெளியே ஒரு கீறல்தான்; பம்பரைக் கழற்றினால் உள்ளே சென்சாரைப் பிடித்திருந்த தாங்கி உடைந்திருந்தது. 860 டாலர். இப்போதெல்லாம் பிளாஸ்டிக் பம்பர் அழுத்தி மீண்டுவிடும், உள்ளே என்ன ஆனது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் நிறுத்தத்திலேயே "ஒன்றுமில்லை, போங்க தம்பி" என்று சொல்லாதீர்கள்.

இங்கே இரண்டு காரியங்களைப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். தெரிவிப்பது வேறு, கிளைம் செய்வது வேறு. கிளைம் செய்யாமல் விடுவது நம் விருப்பம். விட்டுக்கொடுப்பது நம் பணம். ஆனால் இடி நடந்ததைச் சொல்லவேண்டும் என்று பாலிசிகளில் பொதுவாக நிபந்தனை இருக்கும். 1984ஆம் ஆண்டின் காப்பீட்டு ஒப்பந்தச் சட்டம், 54ஆம் பிரிவின்படி, தாமதமாகச் சொன்னதற்காக மட்டும் கம்பெனி கிளைமை அடியோடு மறுக்க முடியாது. தாமதத்தால் தனக்கு வந்த நஷ்ட அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். புதுப்பிக்கும்போது, கடந்த ஆண்டுகளில் ஏதாவது மோதல் உண்டா என்று கேட்டால், இல்லை என்று எழுதுவதற்கு இரக்கம் என்று பெயர் வைக்க முடியாது.

எனவே முதலில் தம்பியைக் கூப்பிட்டு, கம்பெனிக்குத் தெரிவிக்கப் போகிறோம், கிளைம் கேட்கப் போவதில்லை என்று சொன்னோம். பயந்தார். அவர் காதுக்கு வராமல் செய்திருக்கலாம்தான், எங்களுக்கு அது பிடிக்கவில்லை. போனில் பேசிய பெண் விவரங்களை எழுதிக்கொண்டு ஒரு எண் கொடுத்தார், அவ்வளவுதான்.

முழுவதையும் மன்னித்துவிடலாமே என்றும் யோசித்தோம். முட்செடியில் பற்றிய தீ பரவி அயலான் விளைச்சல் எரிந்தால், வேண்டுமென்று செய்யாவிட்டாலும் தீ மூட்டியவன் ஈடுகட்ட வேண்டும் என்கிறது யாத்திராகமம் 22. தம்பியும் சும்மா விடச் சொல்லவில்லை, தவணைதான் கேட்டார். இடம், தேதி, தொகை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு தாள் வைத்துக்கொண்டோம். நான்கு தவணை. சொந்தக்காரர்போலப் பழகுகிறவர்களிடம் தாள் எதற்கு என்று சிலர் சிரிப்பார்கள். பழகுகிறவர்களிடம்தான் தாள் அதிகம் வேண்டும்.

நீங்கள் இடித்தவர் பக்கம் இருந்து, உங்களுக்குக் காப்பீடும் இருந்தால், கம்பெனியைக் கேட்காமல் "என் தப்பு, எல்லாம் கொடுத்துவிடுகிறேன்" என்று வாக்குக் கொடுப்பதைப் பல பாலிசிகள் தடைசெய்கின்றன. மன்னிப்புக் கேளுங்கள், விவரம் கொடுங்கள், தொகை பேசுமுன் பாலிசியைப் படியுங்கள்.

கடைசித் தவணை கொடுக்க வந்த அன்று, பிறர் சொத்துக்கான காப்பீடு எடுத்துவிட்டதாகத் தம்பி சொன்னார். எங்கள் பாலிசியைப் புதுப்பிக்கும் தாள் அடுத்த மாதம் வந்தது. அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தோம். பிரீமியம் கூடியிருந்தது, அதனாலா, எல்லோருக்கும் கூடியதாலா என்று தெரியாது. தம்பியிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.